மன்னவனூர் மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

  இந்தப் பனிக்கு அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு வரி எழுதுங்கள். போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வருவதில்லை.

பொங்கலுக்கு நான் அங்கே வந்திருந்தபோது, பனியில் உருளைச் செடி கருகுவதில் கிருமிக்கும் பங்கு உண்டு என்றேன். கருகிய செடியைக் காட்டி நீங்கள் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "தண்ணி உறையக் குளிர் போதாதா, கிருமி எதுக்கு?" என்பது ஒன்று. "அப்படியே கிருமி இருந்தாலும் இந்தப் பனியில அது செத்துப் போகாதா?" என்பது இன்னொன்று. வீடு நிறைய ஆட்கள், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது கேள்விக்குள் நான் இத்தனை வருடமாகப் படித்து வரும் விஷயம் முழுக்க அடங்கியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பள்ளத்துக் காடு கருகி மேட்டுக் காடு தப்புவதற்கு முதல் காரணம் காற்றுதான். அதில் உங்கள் கணக்கு சரி. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். கொடைக்கானல் ஊருக்குள்ளும் இப்படித்தான். ஏரியை ஒட்டிய ஜிம்கானா புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலையில் மேட்டு வீடுகளின் முற்றம் ஈரமாக மட்டும் இருக்கும். திண்ணைச் சுவரில் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

ஆனால் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் தண்ணீர் உறைந்துவிடுவதில்லை மாமா. பனிக்கட்டி என்பது மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும் ஓர் அடுக்கு. முதல் வரிசை நிற்க ஏதாவது ஒரு தளம் வேண்டும். தளம் கிடைக்காத மிகச் சிறிய தூய துளி −35 டிகிரி வரைகூட நீராகவே இருக்கும். பனி தாங்காத பல செடிகளின் இலைகளும் தளம் கிடைக்காவிட்டால் −4, −5 வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். மன்னவனூரில் பல பனி இரவுகள் −1, −2 என்ற அளவில்தான் நிற்கின்றன. அப்படிப்பட்ட இரவில் செடி பிழைப்பதும் கருகுவதும் இலைமேல் அந்தத் தளம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

தளம் எது என்பது 1974-ல் தெரியவந்தது. அமெரிக்காவில் அழுகும் இலைகளிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா, சூடோமோனாஸ் சிரிங்கே, −2 டிகிரியிலேயே தண்ணீரை உறையவைத்தது. உலகமெங்கும் இலைகளிலும் மழைநீரிலும்கூட இருக்கும் சாதாரணக் கிருமி அது. அதன் உடலின் வெளிப்புறத்தில் ஒரு நீளமான புரதம் இருக்கிறது. ஒரே மாதிரியான சிறு துண்டு திரும்பத் திரும்ப வந்து உண்டான புரதம். நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் வரிசையில் அது நிறுத்திவைக்கிறது. புரதம் தனியாக நின்றால் பெரிய பலனில்லை. பல சேர்ந்து கூட்டமாக நின்றால்தான் −2-ல் வேலை நடக்கும். 1988-ல் கோவிந்தராஜனும் ஸ்டீவன் லிண்டோவும் கதிர்வீச்சு கொண்டு அந்தக் கூட்டத்தின் அளவை அளந்தார்கள். −12 டிகிரியில் உறையவைக்க ஏறத்தாழ ஒரு புரதத்தின் அளவு போதும். −2-க்கு அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் பெரிய கூட்டம் வேண்டும்.

அந்தக் கூட்டம் நிற்கும் இடத்தைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வெளிச்சவ்வு என்று பெயர்.

நம் உடலின் செல்லைச் சுற்றி ஒரே ஒரு கொழுப்புப் படலம். இந்த வகைக் கிருமிகளுக்கு இரண்டு. உள்ளே ஒரு சவ்வு, அதன்மேல் உறுதியான ஒரு வலை, அதற்கும் மேல் வெளிச்சவ்வு. வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலி, டைபாய்டு, காலரா, உங்கள் பீன்ஸ் வேரில் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்து தரும் ரைசோபியம் எல்லாம் இந்த இரட்டைச் சவ்வுக் கூட்டம்தான். வெளிச்சவ்வின் இரண்டு முகங்களும் ஒன்றல்ல. உள்முகம் சாதாரணக் கொழுப்பு, பாஸ்போலிப்பிட். வெளிமுகம் வேறு: அடியில் கொழுப்பும் மேலே நீளும் சர்க்கரைச் சங்கிலியுமாக உள்ள லிப்போபாலிசாக்கரைடு. இனி இதைச் சர்க்கரைக் கொழுப்பு என்றே எழுதுகிறேன். ஓர் ஈ.கோலியின் மேல் இது பத்து லட்சத்துக்கும் அதிகமாக நெருக்கியடித்து நிற்கும். வெளிமுகத்தில் பாஸ்போலிப்பிட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதை 1976-ல் கமியோவும் நிகைடோவும் காட்டினார்கள். சோப்பும் பித்தநீரும் பல மருந்துகளும் உள்ளே போக முடியாமல் நிற்பது இந்த ஒழுங்கினால்.

இவ்வளவு வலுவான சவ்வை எது பிடித்துவைத்திருக்கிறது தெரியுமா? மெக்னீசியமும் கால்சியமும். சர்க்கரைக் கொழுப்பின் அடியில் பாஸ்பேட் இருக்கிறது, அது எதிர்மின் சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளும். நடுவே நேர்மின் சுமையோடு மெக்னீசியம் வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். மெக்னீசியத்தை உருவிவிட்டால் சவ்வு பிரியத் தொடங்கிவிடும். 1965-ல் லொரெட்டா லீவ் என்ற அம்மையார் ஈ.டி.டி.ஏ.-யைக் கொண்டு அதைத்தான் செய்தார். உரக்கடையில் நீங்கள் வாங்கும் ஈ.டி.டி.ஏ. ஜிங்க் டப்பாவில் இருக்கும் அதே பொருள்தான் (அதில் ஏற்கெனவே துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மெக்னீசியத்தின் பக்கம் அவ்வளவாகப் போகாது). சில நிமிடங்களிலேயே ஈ.கோலியின் சர்க்கரைக் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி கழன்று தண்ணீரில் கலந்துவிட்டது.

பாதி போன பிறகும் கிருமி சாகவில்லை. நான் முதன்முதல் இதைப் படித்தபோது அன்று முழுக்க வேறு எதிலும் மனம் போகவில்லை.

அது எப்படிப் பிழைக்கிறது என்பதை உங்கள் காட்டை வைத்தே சொல்லிவிடலாம். ஐப்பசி மழையில் படிக்கட்டுக் காட்டின் கல்வரப்பு ஓரிடத்தில் சரிந்தால், மேல் படியின் மண் இறங்கி அந்த வாயை அடைத்துவிடும். ஓட்டை அடைபட்ட மாதிரி இருக்கும், ஆனால் அது வரப்பு இல்லை, அடுத்த மழைக்குக் கரையும். நீங்கள் கல்லைத் திரும்ப அடுக்குவதற்கு முன்னால் அந்த மண்ணை வழித்து மேலே போடுவீர்கள். மண் கிடக்கும் இடத்தில் கல் உட்காராது.

கிருமியிலும் அதேதான். சர்க்கரைக் கொழுப்பு கழன்ற இடத்துக்கு உள்முகத்துப் பாஸ்போலிப்பிட் ஏறி வந்துவிடும். சவ்வு கிழியாமல் மூடிக்கொள்ளும். ஆனால் ஒழுங்கு கெட்டுவிட்டது. முன்பு உள்ளே விடாத பித்தஉப்பும், ரிஃபாம்பிசின் போன்ற மருந்தும் இப்போது அந்த இடத்தின் வழியே நுழையும். கிருமி அதை அப்படியே விடுவதில்லை. வெளிமுகத்துக்கு வந்துவிட்ட பாஸ்போலிப்பிட்டை வெட்டிப் போட ஒரு நொதி வைத்திருக்கிறது. எடுத்து உள்சவ்வுக்குத் திருப்பியனுப்ப ஒரு புரத வரிசையும் வைத்திருக்கிறது. அந்த வரிசையை 2009-ல் மாலின்வெர்னியும் சில்ஹவியும் கண்டுபிடித்தார்கள். வழித்தெடுத்த இடத்துக்குப் புதிய சர்க்கரைக் கொழுப்பு வரும்.

அது வரும் பாதை இன்னும் அதிசயம். உள்சவ்வில் உருவாகும் பொருள், நடுவே தண்ணீரும் வலையும் உள்ள இடைவெளியைத் தாண்டி வெளிமுகத்துக்குப் போகவேண்டும். வெளிச்சவ்வில் எரிபொருள் கிடையாது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உள்ளேதான் இருக்கிறது. அதனால் ஏழு வகைப் புரதங்கள் உள்சவ்விலிருந்து வெளிச்சவ்வு வரை கோத்து நிற்கின்றன. உள்ளே ஏ.டி.பி. எரிய எரிய, சர்க்கரைக் கொழுப்பு ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டு வெளியே போய் நிற்கிறது. 2018-ல் ஹார்வர்டில் டேனியல் கானின் குழு இந்த ஏழையும் தனியாகப் பிரித்தெடுத்து, இரண்டு செயற்கைக் கொழுப்புக் குமிழிகளில் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சர்க்கரைக் கொழுப்பு கடந்து போவதைக் காட்டியது. உயிருள்ள செல்லே இல்லாமல்!

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைக் கலந்துவிடுவது எளிது. கரைத்த பொருள்களைச் சோதனைக் குழாயில் சேர்த்து மெக்னீசியமும் கொடுத்தால் சவ்வு தானாகவே உண்டாகும். அதற்கு உயிர் வேண்டாம். ஆனால் எது வெளிமுகம், எது உள்முகம் என்ற ஒழுங்கு தானாக வராது, இரண்டும் கலந்துதான் கிடக்கும். சேர்வதற்குக் கொழுப்பின் குணம் போதும். சரியாகச் சேர்வதற்கு உள்ளே ஏதோ எரிந்துகொண்டிருக்க வேண்டும். மாமா, இதை நான் வெறும் வேதியியலாகப் பார்க்கவில்லை. உயிர் எங்கே தொடங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: பனியில் கிருமி சாகாதா? நிறையச் சாகும். சாகாதது காயத்தோடு கிடக்கும். 1972-ல் பிபேக் ராயும் உடன் ஆய்ந்தவர்களும் சால்மோனெல்லாவை உறையவைத்து உருக்கிப் பார்த்தார்கள். பிழைத்தவற்றில் பெரும்பாலானவை வெளிச்சவ்வில் அடிபட்டிருந்தன. பித்தஉப்பு கலந்த வளர்ப்புத் தட்டில் வளர முடியவில்லை, சாதாரணத் தட்டில் வளர்ந்தன. 25 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டதும் பெரும்பாலானவை தேறிவிட்டன. தேறுவதற்குப் புதுப் புரதம் எதுவும் தேவைப்படவில்லை, ஏ.டி.பி. மட்டும் வேண்டியிருந்தது. இதில் உங்களுக்கு நேராகப் படும் சங்கதி ஒன்று உண்டு. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பித்தஉப்புத் தட்டுதான் பல இடங்களில் பயன்படுகிறது. உறைபனிக் காலையில் ஓடைத் தண்ணீரை எடுத்துச் சோதித்து "கிருமி இல்லை" என்று வந்தால் அதை நம்பிவிடக் கூடாது. காயம்பட்ட கிருமி தட்டில் தெரியாது, வெயில் ஏறியதும் தேறிவிடும். பனிக்காலத்துத் தண்ணீர் சுத்தமானது என்று அத்தை சொல்வார். அவரிடம் இதைப் படித்துக் காட்டி, கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லுங்கள்.

குளிருக்குக் கிருமி முன்னேற்பாடும் செய்துகொள்கிறது. குளிரில் கொழுப்பு இறுகும், இறுகினால் சவ்வில் எதுவும் நகராது. ஈ.கோலியை 12 டிகிரிக்குக் கொண்டுபோனால், சர்க்கரைக் கொழுப்பின் அடியில் வைக்கும் ஒரு கொழுப்பமிலத்தை மாற்றி, இறுகாத வகை ஒன்றை வைத்துக் கட்டும். இங்கே ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தில் எம்.கே. ராய், சிவாஜி ஆகியோர் அண்டார்டிகாவிலிருந்து வந்த சூடோமோனாஸ் சிரிங்கேயை ஆராய்ந்து 1994-ல் எழுதியிருக்கிறார்கள். வளரும் வெப்பநிலைக்கு ஏற்ப அதன் சர்க்கரைக் கொழுப்பில் பாஸ்பேட் ஏறுகிறது, இறங்குகிறது என்றார்கள். பாஸ்பேட் மாறினால் மெக்னீசியம் உட்காரும் இடமும் மாறும். அண்டார்டிகாக் கிருமியும் இலைகளில் இருப்பதும் ஒரே இனம் என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

அதே சி.சி.எம்.பி.-யில் மஞ்சுளா ரெட்டி செய்த வேலையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளிச்சவ்வுக்கு அடியில் ஒரு வலை உண்டு என்றேன் அல்லவா? கிருமி வளரவேண்டுமானால் அந்த வலையில் புது இழை சேர்க்கவேண்டும். சேர்ப்பதற்கு முன் பழைய கண்ணியை வெட்டவேண்டும். வெட்டும் மூன்று நொதிகளை அவர் குழு 2012-ல் கண்டது. மூன்றையும் நீக்கினால் கிருமி வளர முடியாமல் வெடித்துவிடுகிறது. 2019-ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வெளிச்சவ்வு அடிபடாத நாளிலும் பிரிந்துகொண்டேதான் இருக்கிறது. அங்கங்கே புடைத்து, சின்னக் குமிழியாகக் கழன்று விழும். 1967-ல் கொல்கத்தாவில் சட்டர்ஜியும் தாஸும் காலராக் கிருமியில் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இன்று அதற்கென்று தனித்துறையே இருக்கிறது. இலைக் கிருமிகளில் இன்னொன்றான எர்வினியா உதிர்க்கும் குமிழிகளிலும் பனிக்கட்டிப் புரதம் இருக்கிறது என்று 1986-ல் தெரிந்தது. கிருமியே இல்லாமல் அதன் உதிர்ந்த சவ்வுத்துண்டு மட்டும் இலைமேல் கிடந்தாலும் தண்ணீர் உறையும் என்று ஆகிறது.

கோவிந்தராஜனும் லிண்டோவும் அதே 1988-ல் செய்த இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பனிக்கட்டிக் கிருமியின் வெளிச்சவ்விலிருந்து கொழுப்பைப் பித்தஉப்பால் கரைத்து எடுத்தார்கள். புரதம் அப்படியே இருந்தும் உறையவைக்கும் திறன் போய்விட்டது. மறுபடி கொழுப்பைச் சேர்த்தார்கள், திறன் திரும்பி வந்தது. உங்கள் உருளையைக் கருக்கியது புரதம் மட்டும் இல்லை. புரதங்களைக் கூட்டமாக நிற்கவைக்கும் சவ்வும் சேர்ந்துதான்.

மருந்து அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாமிரம், நம் போர்டோ கலவை, இலைமேல் இந்தக் கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் பனி விழும் என்று தெரிந்த அன்று அடித்துப் பயனில்லை. செத்த கிருமியின் சவ்வும் சில நாள்களுக்குத் தண்ணீரை உறையவைக்கும். அது சிதைந்து போக நேரம் கொடுக்கவேண்டும். மார்கழிப் பனிக்குக் கார்த்திகை தொடக்கத்திலேயே அடிப்பதுதான் முறை. எப்படியும் கருகல் நோய்க்காக நீங்கள் அடிக்கும் மருந்துதான், தேதியை மட்டும் இதற்கும் பொருந்துகிறபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இரண்டாக வேண்டாம், தாமிரம் மண்ணில் தங்கிவிடும். பனிக்கட்டிப் புரதம் இல்லாத கிருமியை இலைமேல் தெளித்து மற்றதற்கு இடமில்லாமல் செய்யும் முயற்சி 1987-ல் கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரியிலும் உருளையிலும் நடந்தது. மரபு மாற்றிய உயிரைத் திறந்த வயலில் விட்ட முதல் சோதனைகளில் அது ஒன்று. எதிர்ப்பாளர்கள் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். சரக்கு கடைக்கு வரவேயில்லை.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கவலை உண்டு. மெக்னீசியம் உட்காரும் அந்த இடத்தைத்தான் கோலிஸ்டின் என்ற மருந்தும் பிடிக்கிறது. மெக்னீசியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்து சவ்வைக் கலைக்கும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுப்பது அதை. அதையே கோழித் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2015-ல் சீனாவில் ஒரு மரபணு கண்டறியப்பட்டது. அது பாஸ்பேட்டின் மேல் ஒரு சிறு தொகுதியை ஒட்டி எதிர்மின் சுமையைக் குறைத்துவிடுகிறது. அதன்பின் கோலிஸ்டினுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்கிறது. இந்தியாவில் 2019 ஜூலையில் கால்நடைக்கும் கோழிக்கும் கோலிஸ்டின் தடை செய்யப்பட்டது. சமவெளியிலிருந்து லாரியில் வரும் கோழி எருவை நீங்கள் பூண்டுக்குப் போடுகிறீர்கள். அதைப் பச்சையாகப் போடாதீர்கள் மாமா. குவித்து, நன்றாகச் சூடேறி மட்கவிட்டு, பிறகு போடுங்கள். கைகழுவாமல் பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

ஓர் உதவி வேண்டும். அடுத்த மார்கழியில் பனி விழுவதற்கு முந்தைய சாயங்காலம் பள்ளத்துக் காட்டிலிருந்து கொஞ்சம், மேட்டுக் காட்டிலிருந்து கொஞ்சம் உருளை இலை பறித்துத் தரவேண்டும். தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்தக் காடு என்று மேலே எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துச் சின்னவனிடம் கொடுத்தனுப்புங்கள். இலை ஐஸில் நேராகப் படவேண்டாம், உறைந்துவிட்டால் பயனில்லை. நீங்கள் தாமிரம் அடித்த பாத்தியும் அடிக்காத பாத்தியும் தனியாக வந்தால் இன்னும் நல்லது. எத்தனை டிகிரியில் எது உறைகிறது என்று துளித் துளியாகப் பார்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா உங்களை மாசியில் எதிர்பார்க்கிறாள். வரும்போது மலைப்பூண்டு கொஞ்சம் எடுத்து வாருங்கள், இங்கே கிடைப்பதில் அந்தக் காரம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்